தாளும் பொருளும்: பசுமைச் சுக்குக்கின் வரலாறும் அதன் ஆய்வுப் போக்கும்

மொழி வளர்ச்சிக்கென அமைந்த இச்சொற்பொழிவு வரிசையில் நிதித்துறைப் பொருள் ஒன்றை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 'இஸ்லாமியப் பசுமைக் கடன் பத்திரம்' என்று நாளேடுகள் எழுதுகின்றன. இத்தொடரில் வாதத்திற்கு உட்படாத சொல் ஒன்றுகூட இல்லை. அது கடனா என்பது ஐயம். பசுமையா என்பதும் ஐயம். இஸ்லாமிய நெறிக்கு முற்றும் உட்பட்டதா என்பதிலோ அந்நெறி அறிஞரிடையே கருத்து வேறுபாடு. பெயரும் பொருளும் பொருந்துமா என்று பார்ப்பது மொழி பயில்வோரின் பழைய வேலை. அவ்வேலையை இங்கு வரலாற்றின் துணையோடு செய்ய முற்படுகிறோம்.

'சுக்குக்' என்பது அரபுச் சொல். 'சக்' என்பதன் பன்மை. எழுதிக் கொடுக்கப்பட்ட சான்று என்பது அதன் அடிப்படைப் பொருள். (நம் சமையலறைச் சுக்குக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, வகுப்பில் இச்சொல்லைச் சொன்னவுடன் எழும் சிரிப்பை ஆசிரியர்கள் அறிவர்.) ஆங்கிலத்தில் காசோலைக்கு வழங்கும் 'செக்' என்னும் சொல்லை இதனோடு உறவுபடுத்துவோர் உண்டு, சொற்பிறப்பு அறிஞர் அனைவரும் அதனை ஏற்பதில்லை.

இச்சான்றுகளைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று ஒரு பூசலைப் பற்றியது. மதீனாவில் மர்வான் இப்னு அல்-ஹகம் ஆட்சி செலுத்திய காலத்தில், செங்கடல் கரையில் இருந்த அல்-ஜார் துறைமுகத்தின் தானியத்தைப் பெறுவதற்கு உரிய சீட்டுகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. தானியம் கைக்கு வரும் முன்னரே மக்கள் அச்சீட்டுகளை விற்றனர். வாங்கியோர் மீண்டும் விற்றனர். நபித்தோழர் இருவர் மர்வானிடம் சென்று, இது வட்டியை அனுமதிப்பதாகாதா என்று கடிந்தனர். அவர் காவலரை அனுப்பிச் சீட்டுகளைத் திரும்பப் பெறச் செய்தார். இமாம் மாலிக்கின் 'முவத்தா' இதனைப் பதிவு செய்துள்ளது. தாள் ஒரு பக்கம் கைமாற, பொருள் வேறொரு பக்கம் கிடக்குமானால் அவ்வணிகம் நேர்மையானதா? இதுவே அன்று எழுந்த வினா. இவ்வுரையில் நாம் காணப்போகும் பூசல்கள் பலவும் இவ்வொன்றின் மறுபிறப்புகளே.

வட்டிக்கு அரபில் 'ரிபா' என்று பெயர். மிகுதல், வளர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டியைக் குறிக்கும் 'பொலிசை' என்னும் சொல்லும் 'பொலி' என்னும் வளர்ச்சிச் சொல்லோடு தொடர்புடையதே. கோயிலுக்கு அளித்த பொன்னை ஊர்ச் சபையாரிடம் வைத்து, அதன் பொலிசையால் விளக்கெரித்த செய்திகள் கல்வெட்டுகளில் நிறைய உண்டு. ஒரே உவமை இரு மொழிகளிலும் பிறந்தது. ஒரு மரபு அதனை அறத்திற்கு முதலாக்கிற்று. மற்றது அதனை விலக்கிற்று. விலக்கிய மரபு வாணிகத்தை விலக்கவில்லை என்பதை மாணவர்கள் மறந்துவிடலாகாது. இலாபமும் நட்டமும் பகிர்ந்து கொள்ளப்படும் கூட்டு, வாடகை, விற்பனை ஆகிய அனைத்தும் அங்கே ஆகுமானவை. பொறுப்பு ஏற்காமல் பணத்துக்குப் பணம் பெறுவது ஒன்றே ஆகாதது.

மலாயாவில் இவ்விலக்கு வெறும் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. சிற்றூர் மலாய்க்காரர் பலர் வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாமல், ஹஜ்ஜுப் பயணத்திற்கென நிலத்தையும் கால்நடையையும் விற்று, அப்பணத்தை வீட்டிலேயே வைத்துக் காத்தனர். மறுபுறம், நகரத்தார் உள்ளிட்ட வட்டித் தொழிலாளரிடம் நிலத்தை ஈடு வைத்து இழந்தோரும் இருந்தனர். 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்திற்கான பின்னணியில் இவ்வச்சமும் ஒன்று. தமிழர் வரலாற்றை எழுதுவோர் இப்பக்கத்தைத் தாண்டிச் செல்வது நன்றன்று. 1959இல் பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ், ஹஜ்ஜுப் பயணிகளின் சேமிப்பை வட்டியின்றித் திரட்டி முதலீடு செய்ய ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1963இல் அது நிறுவனமாயிற்று. இன்று 'தாபோங் ஹாஜி' எனப்படுவது அதன் தொடர்ச்சி. 1983இல் இஸ்லாமிய வங்கிச் சட்டம் வந்தது. அவ்வாண்டு சூலையில் பேங்க் இஸ்லாம் கதவு திறந்தது. வட்டி தரும் அரசுப் பத்திரங்களை அவ்வங்கி வாங்க இயலாதாகையால், அரசு முதலீட்டுச் சான்றிதழ் ஒன்றும் அதே ஆண்டில் தனிச் சட்டத்தின் கீழ்ப் பிறந்தது. தொடக்கத்தில் அது 'கர்ளுல் ஹசன்' எனப்படும் அழகிய கடனின் வடிவில் இருந்தது: ஆதாயம் வாக்களிக்கப்படாது, அரசு விரும்பினால் அன்பளிப்பாகத் தரலாம்.

பிந்துலுவும் கத்ரியும்

தனியார் துறையின் முதல் முயற்சி 1990இல் நிகழ்ந்தது. ஷெல் எம்.டி.எஸ். என்னும் நிறுமம் 125 மில்லியன் ரிங்கிட்டுக்கு இஸ்லாமியப் பத்திரம் வெளியிட்டது. சரவாக்கின் பிந்துலுவில் இயற்கை எரிவாயுவை நீர்ம எரிபொருளாக மாற்றும் ஆலை அந்நிறுமத்தினுடையது. வெளியிட்டது முஸ்லிம் நிறுவனமன்று. பயன்பட்டதோ புதைபடிவ எரிபொருள் தொழில். இதில் அன்று எவரும் முரண் காணவில்லை. நெறிக்கு உட்பட்டதா என்று பார்த்தவர்கள் ஒப்பந்தத்தின் வடிவத்தைப் பார்த்தனர், புகைபோக்கியைப் பார்க்கவில்லை. மது, சூது, பன்றி இறைச்சி, வட்டி என்னும் விலக்குப் பட்டியலில் கரிப்புகைக்கு இடம் இருந்ததில்லை.

அவ்வெளியீடு 'பை பிதமன் ஆஜில்' என்னும் தவணை விற்பனை முறையில் அமைந்தது. ஒரு சொத்தை விற்று, உடனே கூடுதல் விலைக்குத் தவணையில் திரும்ப வாங்கி, அத்தவணைக் கடனைச் சீட்டாக்கிக் கைமாற்றுவது அக்காலத்து மலேசிய வழக்கம். வளைகுடா நாட்டு அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. கடனைக் கழிவு விலைக்கு விற்பது வட்டியின் மறுவடிவமே என்பது அவர்தம் வாதம். அல்-ஜார் சீட்டுகளின் பூசல் இங்குப் புதுச் சட்டை அணிந்து வருவதை நாம் காண்கிறோம்.

வளைகுடாவினரும் ஏற்கத்தக்க வடிவத்தைத் தேடியபோது 'இஜாரா' என்னும் வாடகை முறை முன்வந்தது. 2001 இறுதியில் கும்புலான் கத்ரி நிறுவனம் 150 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வெளியிட்ட சுக்குக், உலகச் சந்தைக்கென எழுந்த முதல் நிறுவனச் சுக்குக் என்று குறிக்கப்படுகிறது. இவ்விடத்தில் நாம் சற்று நின்று செல்ல வேண்டும். கத்ரி என்னும் பெயர் இந்நாட்டுத் தமிழருக்கு அயற்பெயரன்று. 1821இல் சிங்கப்பூரில் ஸ்காட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் கத்ரி தொடங்கிய நிறுவனம், பின்னர் ரப்பர்த் தோட்டங்களால் பெருகியது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் பால் மரம் சீவிய தோட்டங்கள் அவை. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் லண்டன் பங்குச் சந்தையில் அதன் பங்குகளைப் பெர்மோடாலான் நேஷனல் வாங்கிக் குவித்து, நிறுவனத்தை மலேசியர் கைக்குக் கொண்டுவந்தது. 'வைகறைத் தாக்குதல்' என்று அந்நிகழ்வு பெயர் பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, இந்தோனேசியாவில் செம்பனைத் தோட்டங்களை வாங்கியதற்கான கடனை மாற்றியமைக்க அந்நிறுவனம் பணம் தேடியபோது, மலேசியத் தோட்ட நிலத்தின் பயனுரிமையே சுக்குக்கின் அடித்தளச் சொத்தாயிற்று. லாபுவானில் இதற்கென அமைக்கப்பட்ட ஒரு நிறுமம் அந்நிலத்தின் பயனுரிமையை வாங்கிக் கத்ரிக்கே வாடகைக்கு விட்டது. முதலீட்டாளர் பெற்ற ஆதாயத்தின் பெயர் வாடகை.

உலகச் சுக்குக் சந்தையின் முதற்படிகளுள் ஒன்று இவ்வாறு தோட்ட மண்ணின்மீது நிற்கிறது. அந்நிலத்தில் உழைத்தோரின் பெயர் ஒப்பந்தத்தில் வராதது வியப்பன்று. எந்நாட்டுப் பத்திரத்திலும் அது வருவதில்லை. ஆயினும் 'உண்மைப் பொருளின்மீது நிற்பது' என்று பெருமையாகச் சொல்லப்படும் ஒரு முறையில், அப்பொருள் யாது, அதனை ஆக்கியோர் யாவர் என்னும் வினா நம்மைப் பொறுத்தவரை வெறும் தொழில்நுட்ப வினாவன்று. 2002இல் மலேசிய அரசே 600 மில்லியன் டாலர் சுக்குக்கை வெளியிட்டது. அதன்பின் சந்தை வேகமாக வளர்ந்தது.

வளர்ச்சியோடு ஐயமும் வளர்ந்தது. 2007இல் பாகிஸ்தானிய அறிஞர் தகீ உஸ்மானி, சந்தையில் உள்ள சுக்குக்குகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு நெறிக்குப் பொருந்தாதவை என்று கூறியமை பெரும் அதிர்வை உண்டாக்கிற்று. முதலைக் குறையாமல் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று வெளியிடுவோர் முன்கூட்டியே உறுதி அளித்துவிட்டால், நட்டத்தைப் பகிர்வது எங்கே என்பது அவருடைய வினா. அவர் தலைமையேற்ற தர நிர்ணய அமைப்பு 2008 பிப்ரவரியில் விதிகளை இறுக்கிற்று. மறு ஆண்டே துபாயின் நக்கீல் நிறுவனம் தன் சுக்குக்கைத் திருப்பிச் செலுத்தத் திணறி, அபுதாபியின் உதவியால் மீண்டது. சொத்து தங்களுடையது என்று எண்ணியிருந்த முதலீட்டாளர், தம் கையில் இருந்தது பெரும்பாலும் வெளியிட்டவரின் வாக்குறுதியே என்பதை அப்போது உணர்ந்தனர். சொத்தைச் சுட்டும் சுக்குக் வேறு, சொத்தை உண்மையிலேயே உடைய சுக்குக் வேறு என்னும் பாகுபாடு ஆய்வேடுகளில் அதன்பின் அழுத்தம் பெற்றது. கடன் பத்திரம் என்னும் தமிழ்ப் பெயர் சட்டநோக்கில் பிழை. நடைமுறையை நோக்கின் முற்றும் பிழையென்று நாம் சொல்லத் துணியோம்.

பச்சை நிறம் வந்த வழி

இதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 2007 சூலையில் ஐரோப்பிய முதலீட்டு வங்கி, தட்பவெப்ப விழிப்புணர்வுப் பத்திரம் ஒன்றை 600 மில்லியன் யூரோவுக்கு வெளியிட்டது. சுவீடனின் ஓய்வூதிய நிதியங்கள் சில, தங்கள் பணம் தட்பவெப்ப மாற்றத்தைத் தணிக்கும் பணிகளுக்குச் செல்ல வேண்டும் என்று கேட்டதன் விளைவாக, 2008 நவம்பரில் உலக வங்கி தன் முதல் பசுமைப் பத்திரத்தை வெளியிட்டது. நோர்வேயின் தட்பவெப்ப ஆய்வு நிறுவனமாகிய சிசரோ, திட்டத் தெரிவு முறையைப் பார்த்துத் தனிக் கருத்துரைத்தது. 2014 சனவரியில் பசுமைப் பத்திர நெறிகள் வெளிவந்தன. பணம் எதற்குச் செல்கிறது, திட்டம் எவ்வாறு தெரிவாகிறது, பணம் எவ்வாறு தனித்துக் கணக்கிடப்படுகிறது, ஆண்டுதோறும் என்ன அறிவிக்கப்படுகிறது ஆகியவையே அந்நெறிகளின் உள்ளடக்கம். இவை விருப்பத்தின்பேரில் பின்பற்றப்படுபவை, சட்டமன்று.

இவ்விரு ஓடைகளையும் இணைக்கும் முயற்சி 2012இல் பசுமைச் சுக்குக் பணிக்குழு ஒன்று அமைந்ததில் வெளிப்படையாகத் தெரிகிறது. சிந்தனை அதனினும் முந்தியது. ஈரானிய அறிஞர் சையத் ஹுசைன் நாசிர் 1966இல் சிக்காகோவில் ஆற்றிய உரைகளிலேயே சுற்றுச்சூழல் நெருக்கடியை ஆன்மிக நெருக்கடியாகக் காட்டினார். இலங்கையில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ஃபஸ்லுன் காலித் பல்லாண்டுகள் இத்துறையில் உழைத்தார். 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் வெளியான தட்பவெப்ப மாற்றம் குறித்த இஸ்லாமிய அறிக்கையை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். எண்ணெய் வளம் மிக்க நாடுகளையும் செல்வ நாடுகளையும் அவ்வறிக்கை முதன்மையாக விளித்துப் பேசியது. நிதித்துறையினர் பலரும் அதனை மேற்கோள் காட்டுகின்றனர். எண்ணெய் பற்றிய பகுதியைக் காட்டுவோர் குறைவு.

மலேசியாவில் பத்திர ஆணையம் 2014 ஆகஸ்டில் பொறுப்புமிக்க முதலீட்டுச் சுக்குக்கிற்கு ஒரு கட்டமைப்பை வகுத்தது. அதன்கீழ் 2015இல் வந்த முதல் வெளியீடு பசுமையைச் சார்ந்ததன்று, கல்வியைச் சார்ந்தது. கசானா நேஷனலின் 'சுக்குக் இஹ்சான்' 100 மில்லியன் ரிங்கிட்டை அரசுப் பள்ளிகளின் மேம்பாட்டுத் திட்டத்திற்குத் திரட்டியது. அதில் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க ஒரு விதி உண்டு: குறித்த கல்வி இலக்குகள் எட்டப்பட்டால் முதலீட்டாளர் பெறும் தொகை, முன்கூட்டியே உடன்பட்ட அளவுக்குக் குறையும். பள்ளி வென்றால் பணம் கொடுத்தவர் சிறிது விட்டுக்கொடுப்பார். பின்வந்த பசுமை வெளியீடுகளில் இத்தகைய துணிவை நாம் அதிகம் காணவில்லை.

முதல் பசுமைச் சுக்குக் 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சபாவில் பிறந்தது. தடாவ் எனர்ஜி என்னும் நிறுமம் 250 மில்லியன் ரிங்கிட் திரட்டியது. குடாட்டில் 50 மெகாவாட் சூரிய மின் ஆலைக்காக. முதிர்வுக் காலம் 2 முதல் 16 ஆண்டுகள். மின்சாரத்தைச் சபா மின் நிறுவனம் 21 ஆண்டுகளுக்கு வாங்கும் ஒப்பந்தமே திருப்பிச் செலுத்துவதற்கு ஆதாரம். மலேசிய மத்திய வங்கி, பத்திர ஆணையம், உலக வங்கி ஆகிய மூன்றும் இதற்குத் துணை நின்றன. 'தடாவ்' என்பது கடசான்டூசுன் மொழியில் ஞாயிறு, நாள் எனும் இரு பொருளும் தருவது. அறுவடைத் திருநாளை அம்மக்கள் 'தடாவ் காமத்தான்' என்பர். தமிழில் 'பகல்' என்பது நாளையும் கதிரவனையும் குறித்தது போன்றதே இது. பிந்துலுவும் குடாட்டும் ஒரே போர்னியோத் தீவின் கரையோர ஊர்கள். எரிவாயு ஆலையிலிருந்து வெயிலுக்கு வர 27 ஆண்டுகள் ஆயின.

அடுத்து வந்தவை விரைந்து வந்தன. 2017 அக்டோபரில் குவாண்டம் சோலார் பார்க், கெடா, மலாக்கா, திரங்கானு ஆகிய மூன்று மாநில ஆலைகளுக்கு 1 பில்லியன் ரிங்கிட் திரட்டியது. பேராக்கின் சுங்கை சிப்புட்டுக்கும் பகாங்கின் கம்பாங்கிற்கும் 2018இல் வெளியீடுகள் நிகழ்ந்தன. பிந்தியது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. கோலாலம்பூரில் 118 மாடி மெர்டேக்கா கோபுரத்திற்கு 2 பில்லியன் ரிங்கிட் பசுமைச் சுக்குக் திட்டம் 2017 இறுதியில் வகுக்கப்பட்டது. ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டடம் என்பது அதற்கான வாதம். ஏறத்தாழ 679 மீட்டர் உயரத்திற்குக் கற்காரையும் எஃகும் குவித்த ஒன்றும், குடாட்டின் வெயிற்பலகைகளும் ஒரே பெயரால் அழைக்கப்படுவது சரியா என்று மாணவர் கேட்பின் அக்கேள்வியை ஆசிரியர் தடுக்கலாகாது. பசுமையை அடர்நிறம், நடுநிறம், வெளிர்நிறம் என்று சிசரோ தரம் பிரித்தமை இத்தகைய ஐயத்திற்கு ஒரு விடை. நாளேட்டுத் தலைப்புகளில் அந்நிற வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

2018 மார்ச்சில் இந்தோனேசியா 1.25 பில்லியன் டாலருக்கு நாட்டரசு ஒன்றின் முதல் பசுமைச் சுக்குக்கை வெளியிட்டது. 2019 நவம்பரில் பொதுமக்களுக்கென அது வெளியிட்ட சில்லறைப் பசுமைச் சுக்குக், 1.46 டிரில்லியன் ரூப்பியாவைத் திரட்டியது. 10 இலட்சம் ரூப்பியா இருந்தால் ஒருவர் சேரலாம். நகரத்து இளைஞர் திறன்பேசி வழியே வாங்கினர். அதே ஆண்டில் துபாயின் மாஜித் அல் ஃபுத்தைம் நிறுவனம் 600 மில்லியன் டாலருக்கும், இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1 பில்லியன் யூரோவுக்கும் வெளியிட்டன. 2021 ஏப்ரலில் மலேசிய அரசு நீடித்த நிலைத்தன்மைச் சுக்குக்கை 800 மில்லியன் டாலருக்கு வெளியிட்டது.

இரண்டு வினாக்கள்

வரலாற்றை இவ்வாறு வரிசைப்படுத்தும்போது நமக்கு ஒன்று புலனாகிறது. சுக்குக் கேட்கும் வினா: இது எப்பொருளின்மீது நிற்கிறது? பசுமை கேட்கும் வினா: பணம் எங்கே செல்கிறது? இரண்டும் ஒன்றெனத் தோன்றும்; ஒன்றல்ல.

இந்தோனேசிய அரசின் உலகச் சுக்குக்குகள் 'வக்காலா' என்னும் முகவர் முறையில் அமைந்தவை. அவற்றின் அடித்தளச் சொத்தில் பாதிக்குச் சற்று மேல் அரசுக்குரிய நிலமும் கட்டடமும், எஞ்சியவை திட்டங்கள். பணம் செல்லும் இடம் பசுமைப் பட்டியலில் இருக்கலாம். தாள் நிற்கும் இடம் சாதாரண அரசுக் கட்டடமாக இருக்கலாம். திரட்டிய பணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே முடிந்த திட்டங்களின் செலவை ஈடுசெய்யவும் பயன்பட்டது. அது விதிக்கு உட்பட்டதே. ஆனால் முடிந்த பாதைக்குப் பின்னர்ப் பச்சை வண்ணம் பூசுவதால் காற்றில் எவ்வளவு கரிப்புகை குறைந்தது என்று கேட்பதும் நியாயமே.

இதனினும் கூர்மையானது 'தவர்ருக்' முறை. ஒரு சரக்கைத் தவணைக்கு வாங்கி, உடனே வேறொருவருக்கு ரொக்கத்திற்கு விற்று, பணத்தைப் பெறுவது அது. சரக்கு எவருக்கும் தேவையில்லை, பணமே தேவை. உலக முஸ்லிம் நாடுகளின் பிக்ஹு மன்றம் 2009இல், முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட தவர்ருக்கை ஆகாதது என்று கூறியது. மலேசிய ஆலோசனை மன்றங்கள் அதனை ஏற்கின்றன. நம் நாட்டு நிறுவனச் சுக்குக்கில் இம்முறை மிகப் பரவலானது. பசுமை வெளியீடுகளிலும் உண்டு. இதற்கெனப் பர்சா மலேசியா 2009இல் தொடங்கிய 'சுக் அல்-சிலா' தளத்தில் பெரிதும் கைமாறிய சரக்கு கச்சாச் செம்பனை எண்ணெய். ஆக, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கான பணம்கூட, தாளளவில் செம்பனை எண்ணெயின் வழியே வந்திருக்கக் கூடும். கத்ரியின் தோட்டம் கண்ணுக்குத் தெரியாமல் பின்தொடர்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. இச்சுற்றுவழி தவறென்று தீர்ப்பளிப்பது நம் தகுதிக்கு அப்பாற்பட்டது; அது மார்க்க அறிஞர் பணி. பெயருக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து சொல்வது மட்டும் நம் வேலை.

ஆய்வாளர்கள் இவ்விரு வினாக்களையும் எவ்வாறு கையாண்டனர்? முதற்கட்ட எழுத்துகள் சட்ட நூல் சார்ந்தவை: எவ்வொப்பந்தம் ஆகும், எது ஆகாது. மஹ்மூத் எல்-கமால் 2006இல் வெளியிட்ட நூலில், வடிவத்தைக் காத்து உட்பொருளை இழந்த துறை என்று இஸ்லாமிய நிதியைக் கடுமையாக ஆராய்ந்தார். 2008இன் நெருக்கடிக்குப் பின், வட்டி வங்கியைவிட இது உறுதியானதா என்னும் ஒப்பீடுகள் பெருகின. மெஹ்மெத் அசுதாய், இத்துறையின் சமூகத் தோல்வி என்று வெளிப்படையாகவே எழுதினார். 2015இல் நீடித்த வளர்ச்சிக்கான குறிக்கோள்களும் பாரிஸ் உடன்பாடும் வந்தபின் திசை மாறிற்று. அன்றுமுதல் 'மகாசித்' என்னும் சொல் கட்டுரைகளில் நிறைந்து வழிகிறது.

நெறியின் நோக்கங்கள் என்பது அதன் பொருள். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்து 1111இல் மறைந்த அல்-கஸ்ஸாலி, சமயம், உயிர், அறிவு, வழித்தோன்றல், உடைமை ஆகிய ஐந்தையும் காப்பது நெறியின் நோக்கம் என்றார். சுற்றுச்சூழலை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்பார் சிலர். அது கெட்டால் ஐந்தும் கெடுமாகையால் தனியே சேர்க்க வேண்டியதில்லை என்பார் வேறு சிலர். பண்டை அரபு நாட்டில் மேய்ச்சல் நிலத்தைப் பொதுநலத்திற்கென ஒதுக்கிக் காத்த 'ஹிமா' முறையையும், மனிதர் நிலத்தின் பொறுப்பாளர் என்னும் கருத்தையும் எடுத்துக்காட்டுவோர் பலர். இக்கருத்துகள் ஆழமானவை. ஆனால் பல கட்டுரைகளில் இவை வாயில் தோரணமாக நிற்கின்றனவேயன்றி, உள்ளே நடக்கும் கணக்கைத் தொடுவதில்லை. ஹிமாவில் தொடங்கும் கட்டுரை இரண்டாம் பக்கத்திலேயே ஆதாய விழுக்காட்டுக்குப் போய்விடுகிறது.

ஆதாயக் கணக்கு இரண்டாம் போக்கு. பசுமை என்று பெயர் இருந்தால் முதலீட்டாளர் சற்றுக் குறைந்த ஆதாயத்தை ஏற்பரா என்பது அதன் மைய வினா. இதற்கு உறுதியான விடை கிடைக்காமைக்கு ஆய்வாளர் திறமைக் குறைவு காரணமன்று. வெளியீடுகளின் எண்ணிக்கை சிறிது. ரிங்கிட் சுக்குக்கை வாங்குவோர் பெரும்பாலும் ஓய்வூதிய நிதியங்களும் காப்புறுதி நிறுவனங்களும். அவை முதிர்வு வரை விற்காமல் வைத்துக்கொள்கின்றன. கைமாறாத பொருளுக்குச் சந்தை விலை எங்கிருந்து வரும்? வெளியீட்டுச் செலவைப் பற்றிய தரவு இதனினும் தெளிவாகப் பேசும். வெளிமதிப்பீட்டுக்கு ஆகும் கூடுதல் செலவை ஈடுசெய்யப் பத்திர ஆணையம் 2018இல் 6 மில்லியன் ரிங்கிட் மானியத் திட்டம் ஏற்படுத்த வேண்டியிருந்தமை, பசுமைப் பெயர் இலவசமாகக் கிடைப்பதன்று என்பதைக் காட்டுகிறது.

மூன்றாம் போக்கு, கட்டுரைகளைப் பற்றிய கட்டுரைகள். எத்தனை வெளிவந்தன, எந்நாட்டினர் எழுதினர், எச்சொல் எச்சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணுவது. மலேசியாவும் இந்தோனேசியாவும் இவற்றில் முன்நிற்பது இயல்பே. பட்டப்படிப்பு மாணவர் நூல் மதிப்பாய்வைத் தொடங்க இவை உதவும். ஆங்கிலத் தரவுத்தளத்தில் பதிவானவற்றை மட்டும் எண்ணுவதால், மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் உள்ள எழுத்துகளும், மார்க்கத் தீர்ப்புகளும் எண்ணிக்கைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. சொற்களின் அடர்த்தியைக் காட்டும் வண்ணப்படம் அழகாக இருக்கும். அதில் குடாட் என்னும் ஊரைத் தேடினால் அகப்படாது.

குறை அங்கேதான் உள்ளது. வெளியிட்ட தொகை நமக்குத் தெரியும், மெகாவாட் தெரியும், தவிர்க்கப்பட்ட கரிப்புகையின் மதிப்பீடு ஆண்டறிக்கையில் வரும். ஆலை எழுந்த நிலம் முன்பு எதற்குப் பயன்பட்டது, அங்கிருந்தோர் எங்கே சென்றனர், ஊர்க்காரருக்கு வேலை கிடைத்ததா, மின்தடை குறைந்ததா என்பவற்றைக் களத்தில் சென்று கேட்ட ஆய்வுகள் அரிதினும் அரிது. சூரியப் பலகைகள் 25 ஆண்டுகளுக்குப்பின் என்னவாகும் என்பதும் அவ்வாறே. 2024 ஏப்ரலில் பன்னாட்டு மூலதனச் சந்தைச் சங்கம், இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் மூன்றும் சேர்ந்து பசுமை, சமூக, நீடித்த நிலைத்தன்மைச் சுக்குக்குகளுக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. இரு ஓடைகளின் சொற்களும் ஒரே ஏட்டில் அமர்ந்தமை ஒரு முன்னேற்றம். நிலத்தை நேரில் பார்க்கும் வேலையை எந்த வழிகாட்டியும் செய்து தராது.

குடாட்டுச் சுக்குக்கின் கடைசித் தவணை 2033இல் முதிர்கிறது. மின் ஒப்பந்தம் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் ஓடும். இன்று இடைநிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவர் பட்டம் முடித்து, மலாயும் அரபுச் சொற்களும் ஓரளவு கற்று, அவ்வூருக்குச் சென்று கணக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதக் காலம் போதியதாக உள்ளது. ஒரு முழுப் பசுமைச் சுக்குக்கின் வாழ்நாளை, பிறப்பு முதல் முதிர்வு வரை, தாளையும் பொருளையும் அடுத்தடுத்து வைத்து எழுதிய நூல் தமிழில் இல்லை. எழுதுவோர்க்குச் சொற்கள் வேண்டும். 'கடன் பத்திரம்' என்பதற்குப் பதிலாக 'உடைமைச் சான்று' என்பதை ஆளலாமா, அல்லது ஓலையில் எழுதிய உரிமை ஆவணத்தைக் குறித்ததும் இலங்கையில் 'பிணைமுறி' என இன்றும் வழங்குவதுமான 'முறி' என்னும் சொல்லை மீட்கலாமா என்பதை, உரைக்குப் பின் வரும் கலந்துரையாடலில் ஆசிரியர்கள் கூற விரும்புகிறோம்.